கிட்டங்கிப் பக்கத்தில் ஒரு மைக்கறை

டேய் மாப்ள ஆரோக்கியம்,

நீ எங்க இருந்தாலும் கொஞ்சம் காது குடுத்துக் கேளு. நல்ல சேதி சொல்லத்தான் எழுதுறேன்னு நெனச்சிராத. நீ போயி ஒரு வருஷமாச்சு. இத்தனை நாளா உன்கிட்ட ஒண்ணும் பேசாம இருந்துட்டேன். இதைச் சொல்லலைன்னா மட்டும் எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

உன்னைப் புத்தகம் போட்டுட்டாங்கடா.

வழவழன்னு அட்டை. அட்டையில ஒரு பர்மாத் தேக்குத் தூணு, தூணுக்குக் கீழ குத்துவிளக்கு, அதுக்குக் கீழ உன் பேரு. பேருக்கு முன்னால 'சொல்லாய்வுச் செம்மல்'னு ஒரு பட்டம். நீ செம்மலாம்! உயிரோட இருந்தப்ப அந்த ஓட்டல் வாசல்ல வேகாத வெயில்ல நின்னு 'கைடு வேணுமா சார்'னு கேட்டியே, அப்ப உள்ள கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடுக்காத ஆளுகதான் இன்னைக்கு உன்னைச் செம்மல் ஆக்கியிருக்காக. செத்தவனுக்குப் பட்டம் குடுக்குறதுல ஒரு வசதி என்னன்னா, அவன் வந்து உக்கார நாற்காலி போட வேண்டியதில்ல.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன், நீ பொறு. நான் காரைக்குடியில டூரிஸ்ட் கார் ஓட்டுறவன். இவன் கைடு. முப்பது வருஷம் முன்சீட்டுல எனக்குப் பக்கத்துல உக்காந்து, பின்சீட்டுல இருக்கிறவங்களுக்கு நெற்குப்பைச் செட்டியார் வீடுகளையும் இளையாத்தங்குடிக் கோயிலையும் காட்டிக்கிட்டே வந்தவன். மடியில எந்நேரமும் ஒரு தடி நோட்டு இருக்கும். நான் கும்பிடுற சாமி வேற, இவன் போற கோயில் வேற. ஆனா மாப்ள மாப்ளன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு, இவன் பொண்டாட்டி ஸ்டெல்லா எனக்குத் தங்கச்சியாவே ஆயிட்டா.

அந்த நோட்டு இருக்கே, அதுல ஒரு சொல்லுக்கு ஒரு தாளு. வண்டியில ஏறுறவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் இவன் நோட்டை நீட்டிருவான். உங்க ஊர்ல இந்தச் சொல்லு இருக்கா, இருந்தா என்ன அர்த்தம்னு கேப்பான். பதில் சொல்றவன் அவன் கையாலயே, அவன் எழுத்துலயே எழுதணும். கீழ கையெழுத்துப் போட்டு ஊர்ப் பேரும் எழுதணும். எல்லாத்துக்கும் கடைசியில, அந்தச் சொல்லு எங்குட்டிருந்து எங்குட்டுப் போச்சுன்னு இவன் எழுதுவான். ரெண்டு ஊர் ஆளுக ஒரே மாதிரி சொன்னாத்தான் எழுதுவான். இல்லைன்னா 'தெரியல'ன்னு போட்டுட்டு, அடியில நாலு வரி இடம் விட்டுருவான். நாளைக்கு யாராவது தெரிஞ்சவன் வருவான்னு.

உனக்கு ஞாபகம் இருக்கா மாப்ள? ஒரு போர்ச்சுகல் அம்மா நெற்குப்பை வீட்டு முற்றத்துல நின்னு அண்ணாந்து பாத்து 'ஜனேலா'ன்னு சொன்னதும், நீ அந்த வீட்டுக்காரக மிரண்டு போற மாதிரி கத்துன. ஜன்னல் அவங்க வீட்டுலயும் ஜன்னலா இருக்கேன்னு உனக்குத் தலைகால் புரியல. சாவியும் அவங்களுது, மேசையும் அலமாரியும் அவங்களுதுன்னு அந்த அம்மா ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்ல, கல்யாண வீட்டுல மொய் எழுதுறவன் மாதிரி நீ பக்கம் பக்கமாத் திருப்பிக்கிட்டே இருந்த. அன்னைக்கு மத்தியானம் நாம சாப்பிடவே இல்ல. உன்னாலதான்.

இப்ப அந்தப் புத்தகத்துல ஜன்னல் எங்க பொறந்துச்சு தெரியுமா? 'ஜனம் நல்லாப் பார்ப்பதால் ஜன்னல்' ஆச்சாம். அலமாரி? 'அலை மாறி வந்த மரத்தால் செய்ததால் அலமாரி'. சத்தியமா அச்சுல இருக்குடா. பதிப்பாசிரியர்னு ஒரு முனைவரைப் பிடிச்சுப் போட்டிருக்காங்க. அவரு உன் நோட்டுல இருந்த கையெழுத்து எல்லாத்தையும் எடுத்துட்டாரு. போர்ச்சுகல் அம்மா இல்ல, டெல்லிக்காரர் இல்ல, ஜகார்த்தாவுல இருந்து வந்த அந்தச் சிரிச்ச மொகம் இல்ல. உலகத்துல உள்ள சொல்லு பூராவும் நம்ம ஊரு வாசல்ல இருந்து கெளம்பிப் போயிருக்கு. புத்தகத்துக்குப் பேரே 'உலகம் பேசும் நம் சொல்'. முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விரலை வச்சுப் பாத்தேன். ஒரு 'தெரியல'கூட இல்ல.

எல்லாம் தெரிஞ்சவங்கடா. அந்த முனைவருக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருந்தா அது வெக்கம் மட்டும்தான். உனக்கு முப்பது வருஷத்துல தெரியாததை அவரு மூணு மாசத்துல ஏசி ரூம்ல உக்காந்து கண்டுபிடிச்சிட்டாரு.

நீ கேப்ப, நோட்டு அவங்க கைக்கு எப்படிப் போச்சுன்னு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வளைக்கிறேன். குடுக்கச் சொன்ன மடையன் நான்தான்.

உன் காரியம் எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல அந்த ஓட்டல்காரர் வந்தாரு. மெட்ராஸ்ல இருந்து வந்து, ஒரு பெரிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டல் நடத்துறாரே, அவருதான். கோடிச் சேலை மடிப்புக் கலையாத மாதிரி ஒரு மனுஷன். ஸ்டெல்லா முன்னால கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து, 'இந்த நோட்டு நம்ம மண்ணின் சொத்தும்மா, சார் பேர்ல புத்தகமா வரணும்'னாரு. ஸ்டெல்லா என் மொகத்தைப் பாத்தா. எனக்கு உன் பேரு அச்சுல வருதுங்கிற ஆசை. 'குடு தங்கச்சி, மாப்ள சந்தோஷப்படுவான்'னேன். அவ அலமாரியைத் தெறந்து, முந்தானையால நோட்டைத் தொடச்சுக் குடுத்தா. மத்தவனைத் திட்டுறதுக்கு முன்னாடி என்னை நாலு திட்டு திட்டிக்க, எனக்கு வலிக்காது.

எனக்கு மொதத் தடவை சுருக்குன்னது மூணு மாசத்துக்கு முன்னாடி. கோயம்புத்தூர்ல இருந்து புதுசாக் கல்யாணமான ஒரு ஜோடியை அந்த ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேன். தேனிலவுக்கு வந்த புள்ளைக. அவங்களுக்குக் குடுத்த ரூமு வாசல்ல பித்தளைத் தகடு அடிச்சிருக்கு. அதுல எழுதியிருக்கு: 'கிட்டங்கி'. உள்ள பெரிய கட்டில், கட்டில் மேல ரோசாப்பூ இதழைத் தூவி அன்னம் மாதிரி ரெண்டு துண்டை மடிச்சு வச்சிருக்காங்க. உன் நோட்டைப் பொரட்டி, அர்த்தம் படிக்காம, சத்தம் நல்லாருக்குன்னு பேரைப் புடுங்கி ஒட்டியிருக்காங்க.

நானும் பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னாலயே போனேன். அந்தப் பையன் கேட்டான், 'கிட்டங்கின்னா என்னண்ணே, அந்தப்புரமா?'

நான் என்ன பொய்யா சொல்ல முடியும்? 'இல்ல தம்பி. செட்டியாருக சிங்கப்பூர் மலேயாப் பக்கம் லேவாதேவி பாக்கப் போனப்ப, அவுக ஆளுக தங்கி வேலை பாத்த கூடம். இருபது முப்பது ஆம்பளைங்க வரிசையாப் பாய் போட்டுப் படுப்பாங்க. பொம்பளை வாடையே ஆகாது'ன்னேன். அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. பையன் சிரிக்கல. மறுநாள்ல இருந்து என் வண்டி அந்த ஓட்டல் கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நல்லாப் பாத்துக்க, கூடத்தைப் பள்ளியறை ஆக்குனவங்க உள்ள இருக்காங்க, அர்த்தம் சொன்னவன் வெளிய நிக்கிறேன்.

கிட்டங்கிப் பக்கம் உன் நோட்டுலயே எனக்கு மனப்பாடம். ஏன்னு உனக்குத் தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். மொதல்ல சாக்கோட்டைப் பக்கத்து டீச்சரம்மா ஒருத்தர் எழுதியிருப்பாங்க, கிடங்குன்னா சாமான் போட்டு வைக்கிற எடம், பழைய தமிழ்ல கோட்டையைச் சுத்தி வெட்டுன அகழிக்கும் அதே பேருன்னு. அடுத்து ஒரு மலேசியாக்காரர், எங்க மலாயில 'குடாங்'னா சரக்கு வைக்கிற எடம்னு. ஜகார்த்தாக்காரி 'கெடுங்'னா எங்க ஊர்ல மாடி மாடியா இருக்கிற பெரிய கட்டடம்னு எழுதிட்டு, பக்கத்துல ஒரு படமும் போட்டு வச்சிருப்பா. ஒரு லண்டன் அம்மா எழுதுனதுதான் எனக்குச் சிரிப்பு. 'கோடவுன்' இங்கிலீஷ்தான்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எங்க ஊர்ல யாரும் சொல்லிக் கேட்டதில்ல, இங்க வந்துதான் கத்துக்கிட்டேன்னு எழுதியிருந்தாங்க. நாம குடோன் குடோன்னு அதை இங்கிலீஷாவே நெனச்சுப் பேசிக்கிட்டிருக்கோம்.

அதுக்குக் கீழ எங்கய்யா.

எங்கப்பா காளிமுத்து, அந்தக் கிட்டங்கி ஒண்ணுல பதினோரு வருஷம் சமையல்காரர். ஒரு நாள் நீ நோட்டைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்த. 'மாமா, கிட்டங்கின்னா என்ன, நீங்க சொல்லுங்க'ன்ன. எங்கய்யாவை அதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்ல. அரிசி எத்தனை படி போட்டன்னு கேட்டிருப்பாங்க, அவ்வளவுதான். அந்த மனுஷன் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாரு. சொல்றதுக்குச் சட்டை எதுக்குன்னு நான் கேலி பண்ணுனேன். நீ கேலி பண்ணல.

அவரு சொல்லச் சொல்ல நீ எழுதுன: 'நீளமா ஒரு கூடம். ரெண்டு பக்கமும் பெட்டி. பெட்டிக்குப் பின்னால ஆளு. பகல்ல அதான் கடை, பொழுது சாஞ்சா அதே எடத்துல பாயி. கடைசியில எங்க அடுப்படி. அவுக எல்லாருக்கும் அது கடை, எனக்கு அது புகை. ஊருக்குக் கடுதாசி போடச் சொல்லி எழுதத் தெரிஞ்சவுககிட்டக் கெஞ்சுவேன். என் மகன் பொறந்த சேதி எனக்கு அந்த அடுப்படியிலதான் வந்துச்சு.' அந்த மகன் நான்தான். எனக்கே அது அன்னைக்குத்தான் தெரியும்.

கையெழுத்து வேணும்னு நீ நோட்டை நீட்டுன. எங்கய்யா கையை இழுத்துக்கிட்டாரு. 'நான் கைநாட்டுப்பா'ன்னு தலையைக் குனிஞ்சாரு. நீ சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயி எங்கேயோ ஊதா மைப்பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்து, அவரு இடது கைப் பெருவிரலைப் பிடிச்சு அழுத்தி வச்ச. பக்கத்துல எழுதுன: 'காளிமுத்து, சமையல், கிட்டங்கியில் பதினோரு வருஷம்.' அடியில வழக்கம் போல: 'நம்ம கிடங்கு அங்குட்டுப் போயி திரும்பி வந்துச்சா, அவுக குடாங் இங்குட்டு வந்து கிட்டங்கி ஆச்சா? தெரியல.' அன்னைக்கு எங்கய்யா அந்த மையைக் கழுவாமலே சாப்பிட்டாரு. சாகுற வரைக்கும் ஊர்ல எல்லார்கிட்டயும், 'என் சொல்லை நோட்டுல ஏத்தியிருக்கான்யா'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அந்த மனுஷன் இந்தப் பூமியில எழுத்துல இருக்கிறது ரேஷன் கார்டுலயும் உன் நோட்டுலயும்தான்.

புத்தகத்துல அந்தப் பக்கம் இப்படி இருக்கு: 'கிட்டங்கி: நம் வணிகப் பெருமக்கள் கடல் கடந்து எழுப்பிய மாளிகை. மலாயும் ஆங்கிலமும் நம்மிடம் கடன் வாங்கிய சொல்.' எங்கய்யா எங்கடா? அடுப்படி எங்க? மாளிகையில சமையல் வேண்டாமா, பெருமக்கள் பெருமையைத் தின்னே பதினோரு வருஷம் இருந்துட்டாங்களா?

போன ஞாயித்துக்கிழமை வெளியீடு. உன் முதல் நெனவு நாள். காலையில கோயில்ல உனக்குப் பூசை வச்சோம். பத்துப் பேரு. சாயங்காலம் ஓட்டல் முற்றத்துல முந்நூறு நாற்காலி. ஸ்டெல்லாவைக் கூட்டிட்டுப் போனதால என் வண்டியை விட்டாங்க. எறங்குனதும் மேனேஜரு ஓடி வந்தாரு. 'என்னண்ணே, நீங்க இங்குட்டு வாரீக? டிரைவருகளுக்கு அங்குட்டு மரத்தடியில சாப்பாடு இருக்கு.' ஸ்டெல்லா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இவுக எங்கண்ணன், எங்கூடத்தான் உக்காருவாக'ன்னுட்டா.

வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள உன் நோட்டு. விரிச்சு வச்சு ரெண்டு பக்கமும் கிளிப்பு மாட்டியிருக்காங்க. கிட்டங்கிப் பக்கம். அந்த ரூமுக்கு விளம்பரமாம். நான் குனிஞ்சு எங்கய்யாவைத் தேடுனேன். உன் எழுத்து இருக்கு. 'காளிமுத்து, சமையல்' இருக்கு. பக்கத்துல பெருவிரல் இருந்த எடத்துல வெள்ளையா ஒரு திட்டு.

'இங்க இருந்தது எங்க?'ன்னேன் மேனேஜர்கிட்ட. அவரு எட்டிப் பாத்துட்டுச் சாதாரணமாச் சொல்றாரு, 'அதுவாண்ணே? கண்ணாடிக்குள்ள வைக்கணும்ல, பாக்க நீட்டா இருக்கட்டும்னு ஒயிட்னர் போட்டிருப்பாங்க. ஏதோ மைக்கறைன்னு நெனச்சிருப்பாக.'

கறையாம்.

மாப்ள, எனக்குக் கோவம்கூட வரல. அருவருப்புதான் வந்துச்சு. பாரம்பரியம் பாரம்பரியம்னு ஒடஞ்ச ஜாடியைக் கூட விளக்குப் போட்டு வச்சிருக்காங்க. பழைய துருப்பிடிச்ச பூட்டுக்கு ஒரு பீடம். ஒரு மனுஷன் விரலை வச்சா அது அழுக்கு. கைநாட்டையே வாழ்க்கையில பாத்ததில்லைன்னா மூதாதையரைப் பத்திப் புத்தகம் போட உங்களுக்கு என்னய்யா தகுதி இருக்கு? இதை நான் அங்க கேட்டிருக்கணும். நீ இருந்திருந்தா கேட்டிருப்பியா?

ஸ்டெல்லா கேட்டாடா. பொன்னாடை போர்த்த அவளை மேடைக்குக் கூப்பிட்டாங்க. 'கணவரைப் பற்றி ஒரு வார்த்தை'ன்னு மைக்கைக் குடுத்தாரு ஓட்டல்காரர். உன் பொண்டாட்டி, நாலு பேரு கூடுன எடத்துல வாயைத் தெறக்காதவ, பொன்னாடையை மடிச்சு மேசையில வச்சா. 'இந்தப் புத்தகத்தை அவுக எழுதல. அவுக எழுதுனது அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கு. அவுகளுக்குத் தெரியாததைத் தெரியலைன்னு எழுதுன மனுஷன். இதுல அவுக பேரை எடுத்துருங்க. நோட்டைக் குடுங்க'ன்னா.

ஓட்டல்காரர் சிரிச்ச வாய் மூடாம, 'அம்மா, இங்க பாதுகாப்பா இருக்கட்டுமேம்மா'ன்னாரு.

'எங்க வீட்டு அலமாரியில பாதுகாப்பாத்தான் இருந்துச்சு'ன்னா ஸ்டெல்லா. மேடையை விட்டு எறங்கி, பெட்டி பக்கத்துல வந்து நின்னுட்டா. சாவியைக் கொண்டு வர கால் மணி நேரம் ஆச்சு. முனைவர் அதுக்குள்ள பின்வாசல் வழியாப் போயிட்டாரு. செம்மலோட பொண்டாட்டி கால் கடுக்க நின்னா, ஒருத்தர் எந்திரிச்சு நாற்காலி தரல.

மறுநாள் ஓட்டல்ல இருந்து போன் வந்துச்சு. அச்சடிச்ச அட்டையில உன் பேரு மேல ஸ்டிக்கர் ஒட்டிருவாங்களாம். இவங்களுக்குத் தெரிஞ்ச வேலையே மூடி ஒட்டுறதுதான். ஒட்டட்டும்.

நோட்டு இப்ப என்கிட்ட இருக்கு. ஸ்டெல்லாவே குடுத்தா. 'அண்ணே, அந்த வெள்ளையைச் சுரண்டிப் பாருங்க, உள்ள இருக்கும்'னா. நேத்துக் காலையில வண்டியைக் கழுவிட்டு, கையைத் தொடச்சுட்டு உக்காந்தேன். பிளேடு நுனியால லேசாச் சுரண்டுனேன். வெள்ளையோட சேந்து ஊதாவும் பொடியா வந்துச்சு. பதறிப்போயி நிறுத்திட்டேன். மொதல்ல குடுத்து ஒரு தப்பு, இப்பச் சுரண்டி ஒரு தப்பு. தலையில அடிச்சுக்கிட்டேன். எங்கய்யா செத்தன்னைக்குக்கூட நான் அப்படி அழல மாப்ள.

அழுது முடிச்சு நோட்டை மூடப் போனப்பத்தான் தாளு திரும்புச்சு. பின்பக்கம் நீ நாலு வரி விட்ட மாதிரி வெறுமையா இருக்கு. நடுவுல ஊதாவா ஒரு வட்டம். அன்னைக்கு நீ அவரு விரலைப் பிடிச்சு அப்படி ஒரு அழுத்து அழுத்தியிருக்க. மை தாளைத் தாண்டி ஊறி இருக்கு. கோடெல்லாம் திரும்பித் தெரியுது, ஆனா தெரியுது. நடுவுல கத்தி கிழிச்ச தழும்பு ஒண்ணு இருக்குமே அவருக்கு, காய் நறுக்கும்போது பட்டது, அதுகூட இருக்கு.

நோட்டு இனிமே என் வண்டி முன்சீட்டுல இருக்கும், உன் எடத்துல. ஏறுறவங்ககிட்ட நானே நீட்டுவேன். உன்னை மாதிரி நாலு பாஷை எனக்கு வராது, கையைக் காட்டிக் கேப்பேன். கையெழுத்துத் தெரியாதவன் வந்தா மைப்பெட்டி டேஷ்போர்டுக்குள்ள இருக்கு, புதுசு வாங்கிட்டேன். எனக்குத் தெரியாததை நான் தெரியும்னு ஒரு நாளும் எழுத மாட்டேன். இது உன் மேல சத்தியம்.

ஒரு வரி மட்டும் உன்கிட்டக் கேக்காம எழுதிட்டேன், மன்னிச்சுக்க. உன் நோட்டுல என் கையெழுத்துல வர்ற மொத வரி. அந்த ஊதா வட்டத்துக்குப் பக்கத்துல: 'இது கறை இல்லை. இது எங்கப்பா. தெரியும்.'

இப்படிக்கு,
உன் மாப்ள,
சமையல்காரர் காளிமுத்து மகன்
கருப்பையா